மாரியில் சேறு, கோடையில் வெடிப்பு: ஈர வளவுக்கு என்ன பற்றை வைக்கலாம்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ரோசாக் கன்று பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "தண்ணீர் நிற்கிற மூலையை மண் போட்டு நிரப்பாதீர்கள், நம்மூர்ப் பற்றை ஏதாவது வையுங்கள், குருவி வரும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதிய நேரம் அப்படி. ரோசாவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை, இந்த மாதக் கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்தத் தடவை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் பின்வளவு பள்ளம். நவம்பரில் தண்ணீர் ஏறினால் தைப்பொங்கல் கழிந்துதான் வற்றும். குரோட்டன், ரோசா, செவ்வரத்தை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன், வேர் அழுகிச் செத்துப்போயின. இரண்டு லோட் கிறவல் போட்டு உயர்த்து என்கிறார் அண்ணன். எனக்கோ குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வருகிற மாதிரி ஒரு இடம் வேண்டும். என்ன வைக்கலாம்?
– ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கிறவலை நிறுத்துங்கள். பள்ளத்தை நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வளவுக்குள்தான் போய் நிற்கும், அடுத்த மாரியில் வேலிச் சண்டை வரும். நான் சொன்னதாகவே அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் செடிகள் செத்தது மூச்சுத் திணறி. மண்ணுக்குள் காற்று இருக்கிற இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் ரோசா வேர் ஒரு கிழமை தாங்காது. ஆனால் நம் பக்கத்துப் பிரச்சினை அதோடு முடிவதில்லை. ஈரத் தோட்டம் என்று வெளிநாட்டுக்காரர் எழுதுகிறபோது வருடம் முழுக்க ஈரம் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். இங்கே அப்படியா? ஒக்ரோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும், பிறகு கச்சான் காற்று பிடித்ததும் அதே பள்ளம் மணலாக இருந்தால் கால் சுடும், களியாக இருந்தால் வாய் பிளக்கும். ஆகவே ஈரத்தை விரும்புகிற செடி என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். மாரியில் இரண்டு மூன்று மாதம் நின்று குளித்துவிட்டு, கோடையில் நாலைந்து மாதம் பட்டினி கிடந்தும் சாகாத செடிதான் உங்களுக்கு வேண்டும்.

அப்படிப்பட்ட செடி எது என்று அறியப் புத்தகம் தேவையில்லை. உங்கள் ஊர்ச் சந்தியில் பஸ் ஏறிப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போங்கள். தெற்கே போனால் தாழங்குடா, வடக்கே போனால் நாவற்குடா, அதன் அருகில் நொச்சிமுனை. ரவுணைத் தாண்டினால் புன்னைச்சோலை. அம்பாறைப் பக்கம் மருதமுனை, காரைதீவு, காஞ்சிரங்குடா. தாழை, நாவல், நொச்சி, புன்னை, மருது, காரை, காஞ்சிரை. குடா, முனை, தீவு என்று முடிகிற ஊரெல்லாம் தண்ணீரை ஒட்டிய ஊர்தானே. பெயர் வைத்தவர்கள் தங்கள் கண்முன்னே நின்றதைச் சொல்லி வைத்தார்கள். உங்கள் ஆரையம்பதியின் பெயரிலேயே ஆரைக்கீரை இருக்கிறது, நாலு இலையோடு சேற்றில் மிதக்கிற அதே ஆரை.

இதில் நாவல், மருது, புன்னை எல்லாம் பெரிய மரம். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சுவரோரம் மரம் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உங்கள் பள்ளத்துக்குப் பற்றையே போதும்.

என் முதல் தெரிவு நொச்சி. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வளவில் முழங்கால் அளவு தண்ணீர் பல நாள் நின்றது. வற்றிய பிறகு சுற்றிப் பார்த்தால் மாதுளை போய்விட்டது, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கறிவேப்பிலை போய்விட்டது, அப்பா எப்போதோ வேலிக்கு ஊன்றிய நொச்சிக் கதியால் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி துளிர் விட்டுக்கொண்டு நின்றது. மூலையில் தானாக முளைத்திருந்த பூலாவும் அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

நொச்சிப் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நெல்மணி அளவு ஊதாப் பூ, கீழ் உதடு மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கும். காலை ஒன்பது மணி வெயிலில் தேனீ அந்த உதட்டில் வந்து இறங்கியதும் கதிர் முழுவதும் ஒரு தடவை தலை குனியும், அது எழும்பிப் போனதும் நிமிரும். ஒரு பற்றையில் ஐம்பது கதிர் இருந்தால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே நிற்கும், காற்று வீசுகிறதோ என்று நினைப்பீர்கள். வளர்ப்பதும் சுலபம். பெருவிரல் தடிப்பில் இரண்டு முழக் கம்பு வெட்டி, பாதி மண்ணுக்குள் போகச் சாய்த்து ஊன்றினால் முடிந்தது. இலை ஆவி பிடிக்கவும் ஆகும், புகை போட்டால் நுளம்புக்கும் ஆகும். ஆடு அவ்வளவாக வாய் வைக்காது.

அடுத்தது பூலா, சிலர் புல்லாந்தி என்பார்கள். வாய்க்கால் ஓரம், குளக்கட்டு அடி என்று எங்கே பார்த்தாலும் நிற்கும், நாம்தான் அதைச் செடியாக மதிப்பதில்லை. பூ கண்ணுக்கே தெரியாது. ஆனால் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கறுத்துப் பழுக்கிற அந்தப் பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் அடிக்கிற கூத்து இருக்கிறதே! காயப்போட்ட வெள்ளை உடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பழத்தைத் தின்ற குருவி கொடியில் வந்து இருந்தால் ஊதாக் கறை, இலேசில் போகாது.

பள்ளத்தின் நடுவில், அதிகமாகத் தண்ணீர் நிற்கிற இடத்தில், ஆரை, வல்லாரை, நீர்முள்ளி என்று விட்டுவிடுங்கள். நீர்முள்ளி பற்றை அல்ல, பூண்டு, முள்ளும் குத்தும். ஆனாலும் செம்மஞ்சள் இறக்கையில் மயில் கண் வைத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில்தான் முட்டை போடும், அதற்காகவே நாலு செடி இருக்கட்டும்.

பள்ளத்தைச் சுற்றி ஓரத்தில் ஓரடி உயரத்துக்கு மண் அணைத்து வரம்பு மாதிரிக் கட்டினால் அதில் பாவட்டை, வெட்சி, கிளா வைக்கலாம். இவை ஈரத்தைத் தாங்கும், நிற்கிற தண்ணீரைத் தாங்காது. பாவட்டையின் வெள்ளைப் பூவுக்கு இருட்டியதும் பெரிய விட்டில்கள் வரும், வெட்சிக்குப் பகலில் வண்ணத்துப்பூச்சி வரும். வெட்சி வாங்குகிறபோது பூக்கன்றுக் கடையில் இருக்கிற குட்டை இனத்தை எடுக்காதீர்கள், பூக்கிற அளவுக்கு அது காய்க்காது. கோயில் வீதியில் ஆள் உயரத்துக்கு நிற்கிற பழைய சிவப்பு வெட்சியில் கம்பு கேட்டு வாங்குங்கள்.

தாழை? ஊர்ப்பெயரில் இருந்தாலும் சின்ன வளவுக்கு அது ஆகாது. விழுது விட்டு அகலமாகப் படர்ந்துவிடும், இலை விளிம்பு அரிவாள். அரை ஏக்கர் இருந்தால், பின்னால் ஓடையும் இருந்தால், தாராளமாக வையுங்கள், கானாங்கோழிக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

நடும்போது வரிசை பிடிக்காதீர்கள், சவுக்குத் தோட்டம் மாதிரி இருக்கும். ஒரே இனத்தில் மூன்று நாலு கன்றை ஐந்தடி இடைவெளியில் கூட்டமாக வையுங்கள், கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால்தான் குருவி கூடு கட்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.

கேள்வி: பற்றைக்குக் கீழே விழுகிற சருகைக் கூட்டி எரிக்கலாமா? கூட்டாவிட்டால் அயலவர்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.
– ஒரு வாசகர், செட்டிபாளையம்

பதில்: முன்வாசலை நன்றாகக் கூட்டுங்கள், பெருக்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பற்றையடிச் சருகை விட்டுவிடுங்கள். ஒக்ரோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும், குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, ஒன்பது நிறத்தை ஒரே குருவியில் பூசின மாதிரி. விடியலிலும் பொழுதுபடும்போதும் இரண்டு சீழ்க்கை அடித்துவிட்டு மற்ற நேரம் முழுக்க ஈரச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு பங்குனியில் எங்கள் வளவுக்கு வந்த ஒன்று, நான் பலாவடியில் கதிரை போட்டு இருப்பதையே கவனிக்காமல், ஒரு சருகை அலகால் தூக்கிப் பக்கத்தில் வைத்து, கீழே பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டதும் தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. ஏதோ நான்தான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி. சருகைக் கூட்டி எரிக்கிற வளவில் அதற்கு வேலை இல்லை. புலுனிக் கூட்டமும் அப்படித்தான்.

கேள்வி: எங்கள் காணி வாய்க்காலோடு முடிகிறது, களிமண், சிறுபோகத்துக்கும் தண்ணீர் வருவதால் மண் காய்வதே இல்லை. இப்போது இருப்பது கிளிசிரிடியா வேலி. அதை எடுத்துவிட்டு மதில் கட்டச் சொல்லி மகன் சொல்கிறார், எனக்கு மனமில்லை.
– ஒரு வாசகி, சம்மாந்துறை

பதில்: மதில் கட்டினால் இரண்டாவது மாரியில் வாய்க்கால் பக்கமாகச் சரியும் ராத்தா, ஈரக் களியில் அத்திவாரம் நிற்பது பெரும்பாடு. மகனிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள், குருவிக் கதை அவரிடம் எடுபடாது.

உங்களுக்கு வாய்த்தது கொடுப்பினை. சேனநாயக்க சமுத்திரக் குளத்துத் தண்ணீர் கோடையிலும் வருகிறதால், ஆரையம்பதித் தங்கச்சிக்கு நான் சொன்ன பட்டினிக் கவலை உங்களுக்கு இல்லை. பிராய் வையுங்கள். இலை உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும், மாடு ஆடு கடித்தாலும் வெட்டினாலும் இன்னும் நெருக்கமாக வரும், அதனால் வேலிக்கென்றே பிறந்த செடி என்பேன். மஞ்சள் பழம் சின்னது, இனிப்பு, குருவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும். ஒரு விசயம், பிராயில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டு கன்றை மட்டும் வைத்துவிட்டுப் பழம் வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வையுங்கள். இடையிடையே நொச்சியும் பூலாவும் போடலாம்.

கிளிசிரிடியாவை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். அது நம் நாட்டுச் செடி இல்லைதான், ஆனால் பசளைக்கு நல்லது, பூவுக்குத் தேன்குருவியும் வரும். பிராய் எழும்பும் வரை அது நிழல் கொடுக்கட்டும், பிறகு ஒன்று விட்டு ஒன்றாக வெட்டுங்கள்.

வாய்க்கால் கட்டின் மேலே எதுவும் நட வேண்டாம். அது உங்கள் காணியும் அல்ல, வேர் போய்க் கட்டு கசிந்தால் கீழ்வட்டைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். கட்டு அடியிலிருந்து ஒரு பாகமாவது தள்ளி உங்கள் பக்கத்தில் வையுங்கள். தண்ணீருக்கு மேலே சாய்கிற கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் விட்டால் மீன்கொத்தி இருக்கும், யோகம் இருந்தால் தூக்கணாங்குருவியும் வரும். அது கூடு தொங்கவிடுவதற்குத் தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையைத்தான் தேடும், பாம்பும் கீரியும் எட்டாது என்று அதற்குத் தெரியும்.

கேள்வி: வாவிக்கரையில் வீடு. மழைக்குத் தண்ணீர் நல்ல தண்ணீர், கோடையில் கிணறே உவர்க்கிறது. நீங்கள் சொல்கிற செடியெல்லாம் இங்கே வருமா?
– ஒரு வாசகர், கல்லடி

பதில்: எல்லாம் வராது. முதலில் உங்கள் தரையில் தானாக முளைத்திருப்பதைப் பாருங்கள். தடித்த, சாறுள்ள சின்ன இலையோடு உமிரி படர்ந்திருந்தால் அது உப்பு மண், அங்கே வெட்சி வைத்துக் காசைக் கரைக்க வேண்டாம். கோரையும் வல்லாரையும் நின்றால் தப்பித்தீர்கள்.

உப்புப் பக்கத்துக்கு என் தெரிவு மூன்று. பூவரசு, முன்னை, சங்கங்குப்பி. பூவரசைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கதியாலாக ஊன்றினால் வரும், மஞ்சள் பூ மாலைக்குள் செம்மைபட்டு விழும், வெட்டி வெட்டி விட்டால் மரமாகாமல் பற்றையாகவே நிற்கும். முன்னையின் பூ பொடிப் பூ, மணம் எல்லாருக்கும் பிடிக்காது, ஆனால் ஈ, வண்டு, குளவி, வண்ணத்துப்பூச்சி என்று அத்தனையும் அதில் மொய்க்கும். பூச்சி வந்தால் பூச்சி தின்கிற குருவி வரும். சங்கங்குப்பியைப் பீச்சங்கு என்றும் சொல்வார்கள், பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கசக்கினால்தான் நாறும். வெள்ளைப் பூவிலிருந்து சிவப்பு மீசை நீட்டிக்கொண்டு அந்திக்கு மலர்ந்து நிற்கிற அழகை முற்றத்து லைற் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெட்டி விட்டால் நல்ல அடர்ந்த வேலியாகும், உப்புக் காற்றையும் தாங்கும்.

தில்லையை மட்டும் வீட்டோரம் விடாதீர்கள். கரையில் தானாக வரும், வண்டுக்கும் தேனீக்கும் நல்லதுதான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்காக ஆள் பிடித்துக் கரையில் நிற்கிற கண்டல் முழுவதையும் வெட்டிவிடவும் கூடாது, அது சட்டப்படி குற்றம், மீன் குஞ்சு வளர்கிற இடமும் அதன் வேரடிதான். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவியில் உங்கள் வீட்டு அறுபதடிக் கரை என்ன பெரிசா என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே கேட்கிறார்.

கேள்வி: பற்றை வைத்தால் பாம்பு வரும் என்று மாமி விடமாட்டேன் என்கிறார். வயலோர வீடு, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமி சொல்வது சரிதானா?
– ஒரு வாசகி, வெல்லாவெளி

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. வயலோர வீட்டுக்குப் பாம்பு பற்றைக்காக வருவதைவிட எலிக்காகத்தான் வரும். எலி வருவது கொட்டிக் கிடக்கிற நெல்லுக்கும் சோற்றுக்கும். ஆகவே முதல் வேலை நெல் மூட்டையை உயர்த்தி வைப்பது, விறகுக் கட்டையும் ஓட்டுக் குவியலும் சுவரோடு கிடந்தால் அப்புறப்படுத்துவது. கடிபட்ட கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பல கதை விறகுக் கும்பியிலோ இருட்டு வரம்பிலோதான் தொடங்கும்.

ஆனாலும் பற்றையை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, அதில் நான் மாமி பக்கம். இருபதடி தள்ளி வையுங்கள். நடைபாதைப் பக்கத்துப் பற்றைகளுக்கு அடிக்கிளையை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டால் கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்கலாம். சருகு விடச் சொன்னேனே, அது அந்தக் கடைசி மூலைக்கு, பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கல்ல. இரவில் கிணற்றடிக்குப் போனால் ரோச் லைற்றும் செருப்பும் கட்டாயம்.

தண்ணீரில் நெளிகிற தண்ணிப்பாம்புக்கு விசம் இல்லை, சாரைக்கும் இல்லை, இரண்டையும் அடிக்காதீர்கள், எலியும் தவளையும் அவற்றின் பாடு. புடையனையும் நாகத்தையும் தூரத்தில் கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகிவிடுங்கள். யாருக்காவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. பார்வை பார்க்கப் போய் நேரம் கழிந்த கதைகள் படுவான்கரையில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

(வெல்லாவெளி என்றதும் யானையைப் பற்றியும் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். எந்தப் பற்றையும் யானைக்கு வேலியாகாது, அந்தப் பொய்யை நான் எழுத மாட்டேன்.)

கேள்வி: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவில் தண்ணீர் நின்றால் தண்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களோ தண்ணீரை விடச் சொல்கிறீர்கள்.
– ஒரு வாசகர், கல்முனை

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் தண்டம் கட்டித் தர மாட்டேன். ஆனால் டெங்கு நுளம்பு தேடுவது சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர், அடைபட்ட பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, இப்படிச் சின்னச் சின்னத் தெளிந்த தண்ணீரை. தவளையும் தும்பிக் குஞ்சும் மீனும் இருக்கிற பள்ளத்தில் அதன் புழுவுக்கு ஆயுள் குறைவு. வாய்க்காலில் வலை போட்டால் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு சின்ன மீன் வரும், மேற்பரப்பிலேயே திரியும், அதில் பத்தைக் கொண்டுவந்து விடுங்கள், புழுவை அது பார்த்துக்கொள்ளும். மீன் விட முடியாத அளவுக்குச் சின்னப் பள்ளமாக இருந்து ஒரு கிழமைக்கு மேல் தண்ணீர் நிற்குமானால் ஒரு சின்ன வாய்க்கால் கீறிப் பற்றையடிக்குத் திருப்பிவிடுங்கள். தாழை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதன் இலைக் கக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், அங்கேயும் நுளம்பு பெருகும். சின்ன வளவுக்கு அது வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பூக்கன்றுக் கடையில் ஈர நிலத்துக்கு நல்லது என்று ஆற்றுவாழையும், தரையில் படர்கிற மஞ்சள் பூக் கொடி ஒன்றும் தந்தார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு நாயுண்ணியும் நல்லதாம். வைக்கலாமா?
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மூன்றும் வேண்டாம். ஆற்றுவாழையின் ஊதாப் பூ அழகுதான், அந்த அழகுக்காகத்தான் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, 1909இல் அதைத் தடை செய்யச் சட்டமே போட வேண்டியதாயிற்று. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் குளங்களில் அதை இழுத்துக் கரை சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் வளவு வெள்ளம் கானுக்குப் போகும், கான் தண்ணீர் வயலுக்குப் போகும், ஒரு துண்டு போதும்.

மஞ்சள் பூக் கொடியும் அப்படித்தான், தரையை மூடிவிட்டால் அதன் கீழே நம் வல்லாரை, பொன்னாங்காணி ஒன்றும் எழும்பாது. எனக்கும் இதே கொடியை ஒரு கடைக்காரர் "தண்ணீர் விடவே தேவையில்லை, நட்டால் போதும்" என்று தந்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஏழு வருடமாகப் பிடுங்குகிறேன்.

நாயுண்ணிக்கு வண்ணத்துப்பூச்சி வரும், மறுக்கவில்லை. ஆனால் அது தேன் குடித்துவிட்டுப் போவதற்குத்தான் வரும், குஞ்சு வளர்க்க வேறு செடி தேட வேண்டும். தேன் கடை ஊரெல்லாம் இருக்கிறது, பிள்ளை பெற ஆஸ்பத்திரி இல்லை என்ற நிலைமை.

கேள்வி: கறிவேப்பிலையில் புழு, இலை முழுவதும் போய்விட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?
– ஒரு வாசகர், செங்கலடி

பதில்: ஒன்றும் அடிக்காதீர்கள், அதுதான் மேலே சொன்ன ஆஸ்பத்திரி. கிட்டப் போய்ப் பாருங்கள். சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் மாதிரிக் கபிலமும் வெள்ளையுமாக இருக்கும், நீங்களும் எச்சம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். பெருத்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்கால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி ஒரு நாற்றம் விடும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பறந்து போகும். தேசி மரத்திலும் இதே கூட்டம்தான். கறிவேப்பிலை திரும்பத் துளிர்க்கும். கறிக்கு இல்லையே என்றால் இரண்டாவது கன்று ஒன்று வையுங்கள், மேட்டில். பள்ளத்தில் வைத்து நான் இழந்த கதையை மேலே சொல்லிவிட்டேன்.

பெருத்த வண்ணத்துப்பூச்சியும் உங்கள் கிணற்றடி ஈர மணலுக்குத் தண்ணீர் குடிக்க வரும், மழை விட்டு வெயில் எறித்ததும் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு இறக்கையை மடித்து வரிசையாக இருக்கும். மண்ணில் இருக்கிற உப்புக்காகத்தான் வருவது, வருவதில் அநேகம் ஆண்.

கேள்வி: எந்த மாதம் நட வேண்டும்? கன்று எங்கே எடுப்பது?
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: தண்ணீர் நிற்காத ஓரத்துக்கு முதல் மழையோடு, ஒக்ரோபரில். பள்ளத்துக்குள் என்றால் அப்போது நடாதீர்கள், வேர் பிடிக்குமுன் கன்று மிதந்துவிடும். தை பிறந்து தண்ணீர் இறங்குகிறபோது, கால் வைத்தால் சேறு கணுக்கால் வரை வருகிற பதத்தில், கம்புகளை ஊன்றுங்கள். அந்த ஈரத்தில் வேர் ஓடி, தண்ணீர் கீழே இறங்க இறங்க அதன் பின்னாலேயே போகும். முதல் வருடக் கச்சானுக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு வாளி ஊற்றுங்கள், அடியில் தென்னை மட்டையோ வைக்கோலோ போட்டு மூடுங்கள். இரண்டாம் வருடம் கேட்காது.

கன்றுக்கு அலைய வேண்டாம். நொச்சி, பூவரசு, சங்கங்குப்பி கம்பில் வரும், ஒழுங்கையில் யாருடைய வேலியிலாவது நிற்கும், கேட்டு வெட்டுங்கள். பூலா, பிராய், பாவட்டைப் பழத்தைப் பழுத்ததும் பறித்து, பிசைந்து, கழுவி, அன்றைக்கே மணலில் போடுங்கள், காய வைத்தால் பல விதை முளைக்காது. பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: பள்ளத்து ஓரத்தில் இரண்டு காய்ந்த கவர்க் கம்பை நட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொண்டைக்குருவி அதில் வந்து இருந்து எச்சமிடும், ஒரு மாரி கழிந்ததும் கீழே என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள், எங்கள் வளவு மூலையில் நின்ற அந்தப் பூலா அப்படி வந்ததுதான். முளைத்ததில் நாயுண்ணி இருந்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள்.

காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். சட்டப்படி பிழை, தோண்டி வந்த பெரிய பற்றை பிழைப்பதும் அருமை.